செவிப்பறைத் தழும்பு: எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது

அக்காவுக்கு வலது காதில் இரண்டு நாளாக அடைப்பு. உசிலம்பட்டியில் பஸ் ஏறி வந்தவளை மதுரை ஆரப்பாளையம் நிலையத்தில் எதிர்கொண்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அடைப்புக்குக் காரணம் வெறும் குறும்பிதான். மருத்துவர் அதை உறிஞ்சி எடுத்தார். பிறகு முனையில் விளக்கு எரியும் மெல்லிய கேமராக் குழாயைக் காதுக்குள் செலுத்தினார். சுவரில் மாட்டியிருந்த திரையில் அக்காவின் செவிப்பறை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. முத்தின் சாம்பல் நிறத்தில் மினுங்க வேண்டிய சவ்வு அது. அதன் முன்பாதியில், சுண்ணாம்பைக் குழைத்து விரலால் வளைத்து இழுத்தாற்போல, லாட வடிவில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது.

"சிறுவயதில் காது ஒழுகியதா, அம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

அக்கா சற்று யோசித்தாள். அவளுக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது மழைக்காலம் முழுக்கக் காதில் சீழ் வடிந்ததையும், அம்மா பஞ்சைத் திரித்துத் திரித்து வைத்ததையும் நாற்பது ஆண்டுகளாக அவள் நினைத்தே பார்த்ததில்லை. "ஆமாம், ஒழுகியது" என்றாள். "அந்தத் தழும்புதான் இது. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு அவர் இடது காதுக்குப் போனார். அரை நிமிடத்துக்குமேல் அந்தப் பேச்சு நீளவில்லை.

திரும்பும் வழியில் அக்கா வாய் திறக்கவில்லை. செல்போனில் அனுப்பப்பட்ட படத்தையும், அதோடு வந்த தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாளில் 'டிம்பனோஸ்கிளிரோசிஸ், லேசான ரிட்ராக்‌ஷன்' என்று இருந்தது. பஸ் ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஜவ்வு கெட்டுப்போய்விட்டதா?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் மருத்துவர் மட்டும் குனிந்து பார்த்து, மனத்துக்குள் வைத்துக்கொண்ட காட்சி இது. ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஆடம் போலிட்சர் (1835–1920) என்ற காது மருத்துவர் தாம் பார்த்த செவிப்பறைகளை வரைந்துவைத்தார். அந்தச் சுண்ணாம்புத் திட்டுகள் அவருடைய காலத்திலேயே மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்தவை. இன்று அதே காட்சி பெரிய திரையில், வண்ணத்தில், நோயாளியின் கண்முன் விரிகிறது. படம் வீட்டுக்கு வந்துவிடுகிறது, விளக்கம் கூடவே வருவதில்லை. கவலை அந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

தமிழில் அதற்குச் செவிப்பறை என்று பெயர் வைத்தவர்கள் சரியாகவே வைத்தார்கள். காதுக் குழாயின் கடைசியில், ஒரு சிறிய சட்டைப் பொத்தான் அளவில், 8 முதல் 10 மில்லிமீட்டர் விட்டத்தில் இறுக்கிக் கட்டிய தோல் அது. கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் அளவு. அந்தக் கனத்துக்குள்ளும் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே தோல், உள்ளே வாய்க்குள் இருப்பதுபோன்ற ஈரச் சவ்வு, இரண்டுக்கும் நடுவில் நார்கள். சக்கரத்தின் ஆரக்கால்போல ஒரு வரிசை நாரும், வளையம் வளையமாக இன்னொரு வரிசையும் ஓடுகின்றன. பறைக்கு விறைப்பைத் தருவது இந்த நடு அடுக்குதான்.

சிறுவயதில் காதில் சீழ் பிடிக்கிறது, அல்லது சளிநீர் மாதக்கணக்கில் தேங்குகிறது, அல்லது அந்த நீரை வடிக்க கிரோமெட் என்னும் நுண்குழாய் பொருத்தப்படுகிறது. அப்போதெல்லாம் இந்த நார் அடுக்கு அழற்சிக்கு உள்ளாகிறது. உடல் அதை ஆற்றுகிறது. ஆற்றும்போது சில இடங்களில் நார்கள் கண்ணாடி போன்ற கெட்டிப் பொருளாகி, அதில் கால்சியம் படிகிறது. முழங்காலில் விழுந்து சிராய்த்த இடம் வெளுத்து ஆறுவதைப் போன்றதுதான் இதுவும். காதுக்குள் கூடுதலாகச் சுண்ணாம்பு சேர்ந்துகொள்கிறது. கெட்டிப்பு செவிப்பறையோடு நின்றுவிட்டால் அதற்கு மிரிங்கோஸ்கிளிரோசிஸ் என்று தனிப் பெயரே உண்டு. பரபரப்பான புறநோயாளிப் பிரிவுகளில் செவிப்பறையோடு நின்றதையும் அதைத் தாண்டிப் பரவியதையும் சேர்த்து டிம்பனோஸ்கிளிரோசிஸ் என்றே எழுதிவிடுவார்கள். பெயர் நீளமாக இருப்பதால் நோய் பெரிதாகிவிடாது.

இவ்வளவு வெள்ளை இருந்தும் காது எப்படிக் கேட்கிறது? செவிப்பறை ஒரு கண்ணாடி ஜன்னல் என்று நினைத்தால் அதில் கறை படிந்தால் குறைதான். அது ஜன்னல் அன்று. ஒலியைப் பிடித்துத் தள்ளும் தட்டு. அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அந்த அதிர்வு சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் வழியே 3.2 சதுர மில்லிமீட்டர் மட்டுமே உள்ள அங்கவடியின் அடித்தட்டில் போய்க் குவிகிறது. பரப்பு வேறுபாட்டால் 17 மடங்கு, எலும்புகளின் நெம்புகோல் அமைப்பால் இன்னும் 1.3 மடங்கு, ஆக மொத்தம் சுமார் 22 மடங்கு அழுத்தம் கூடுகிறது. தட்டு முழுதாக இருந்து, எலும்புகள் தடையின்றி அசைந்தால் இந்த வேலை நடந்துவிடும். தட்டின் ஒரு மூலையில் சுண்ணாம்பு படிந்திருப்பது அதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. இதே கெட்டிப்பு சவ்வைத் தாண்டி எலும்புகளின் மூட்டுகளில் படிந்து அவற்றை இறுக்கிவிட்டால் மட்டும் கேள்வித்திறன் குறையும். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தால் அது தெரிந்துவிடும். காதுப் பரிசோதனைக்கு 512 அதிர்வெண் இசைக்கவையைத் தட்டி, காதருகில் ஒருமுறை, காதின் பின்னெலும்பில் ஒருமுறை வைத்து எது சத்தமாகக் கேட்கிறது என்று கேட்பார்களே, அந்தச் சோதனையே ஓரளவு சொல்லிவிடும். 1855ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் முறை; இன்றும் செல்லுபடியாகிறது.

தழும்பில் இன்னொரு வகையும் உண்டு. சவ்வு கிழிந்து ஆறும்போது சில சமயம் தோலும் உட்சவ்வும் மட்டும் வந்து மூடும். நடுவிலுள்ள நார் அடுக்கு வராது. கன்னத்தோடு சேர்த்துக் காதில் விழுந்த அறை, பக்கத்தில் வெடித்த பட்டாசு, கிணற்றில் காது அடிபடக் குதித்தது என்று காரணம் எதுவானாலும், இப்படிப்பட்ட கிழிசல்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. மூடிய இடம் வெங்காயச் சருகுபோல மெல்லியதாக, உள்ளே இருப்பது தெரியும்படி இருக்கும். அவசரமாகப் பார்த்தால் ஓட்டை என்றே தோன்றும். எங்கள் பக்கத்தில் ஓர் இலவச முகாமில் ஓர் இளைஞனிடம் "ஜவ்வில் ஓட்டை, ஆபரேஷன் வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலைக்கான உடல்தகுதிச் சோதனைக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரம். அவன் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பார்த்த மருத்துவர் காதில் காற்றுப்புகாத குழலைப் பொருத்தி, ரப்பர் பந்தை மெல்ல அழுத்தினார். அந்த 'ஓட்டை' உள்ளே போய் வெளியே வந்தது. ஓட்டை காற்றுக்கு அசையாது, தோல்தான் அசையும். (படைப்பணி, விமானப் பணி, கடலடிப் பணி ஆகியவற்றுக்குச் செவிப்பறையைப் பொறுத்துத் தனி அளவுகோல்கள் உண்டு. அங்கே ஒருவருக்குத் தகுதியில்லை என்று சொன்னால் அவர் நோயாளி என்று பொருளாகாது.)

இனி அந்தத் தாளில் இருந்த இரண்டாவது சொல்: ரிட்ராக்‌ஷன். செவிப்பறை உள்வாங்கியிருக்கிறது என்று பொருள். இதை விளக்க மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானலைவிட நல்ல உதாரணம் கிடையாது. மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரம்; கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். மேலே காற்றழுத்தம் இங்கே உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே தண்ணீர் குடித்து இறுக மூடிய பிளாஸ்டிக் பாட்டிலை அடிவாரத்துக்கு வந்ததும் எடுத்துப் பாருங்கள். யாரோ கையால் நசுக்கியதுபோல இடுப்பு ஒடுங்கியிருக்கும். உள்ளே மலைக்காற்று, வெளியே சமவெளிக் காற்று; கனத்த காற்று மெலிந்த காற்றை நோக்கிப் பாட்டிலைத் தள்ளிவிட்டது.

செவிப்பறைக்குப் பின்னால் இருப்பதும் அப்படியொரு மூடிய அறைதான். அதற்கு ஒரே வாசல், மூக்கின் பின்புறத்துக்கு இறங்கும் யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு அது சுமார் 35 மில்லிமீட்டர் நீளம். எப்போதும் மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும். மலை ஏறும்போது உள்ளேயுள்ள காற்று தானாகவே வெளியேறிவிடுகிறது. இறங்கும்போதுதான் வெளிக்காற்றை உள்ளே விட நாம் குழாயைத் திறந்தாக வேண்டும். மடியில் தூங்கும் குழந்தை இறங்கும் வளைவுகளில் வீறிட்டு அழுவது அதனால்தான். அந்த நேரத்தில் பாலோ தண்ணீரோ கொடுத்தால் விழுங்கும், காது திறக்கும், அழுகை நிற்கும்.

மலைக்கே போகாதவர் காதிலும் இதேதான் மெல்ல நடக்கிறது. அறையின் உட்சவ்வு அங்குள்ள காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குழாய் அவ்வப்போது திறந்து ஈடுகட்டுகிறது. சளி, தூசி ஒவ்வாமை, மூக்கடைப்பு, குழந்தைகளுக்கு மூக்கின் பின்னால் வளரும் அடினாய்டு சதை, புகைப்பழக்கம் என்று ஏதோ ஒன்றால் குழாய் சரியாகத் திறக்காதபோது அறையில் அழுத்தம் குறையும். வெளிக்காற்று பறையை உள்ளே தள்ளும். குழந்தைகளின் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் இது அவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. சவ்வு முழுதாக இருக்கும்வரை வெளித்தண்ணீர் அந்த அறைக்குள் போக வழியே இல்லை. ஆகவே, 'தலைக்கு ஊற்றும்போது தண்ணீர் போனதால்தான் சீழ் பிடித்தது' என்று தாய்மார் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. கிருமி பெரும்பாலும் மூக்கு வழியாக, இந்தக் குழாயைப் பிடித்துத்தான் ஏறுகிறது. படுத்தபடியே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்த வழி இன்னும் எளிதாகிறது.

உள்வாங்கிய பறையைத் திரையில் எப்படி அடையாளம் காண்பது? நல்ல காதில் விளக்கொளி பட்டால் கீழ்முன்பக்கத்தில் முக்கோணமாக ஒரு மினுமினுப்பு விழும். வலது காதில் கடிகாரத்தின் 5 மணி இருக்கும் இடம், இடது காதில் 7 மணி. பறை உள்ளே இழுபட்டால் அந்த முக்கோணம் சிதறும், இடம் மாறும் அல்லது காணாமற்போகும். சவ்வில் பதிந்துள்ள சுத்தி எலும்பின் கைப்பிடி நேராக நிற்காமல் சாய்ந்து குட்டையாகத் தெரியும். அதன் மேல்முனை மட்டும் கூரைத் துணியைத் தூக்கி நிற்கும் கம்புபோல முட்டிக்கொண்டிருக்கும். அக்காவின் படத்தில் நான் பிறகு உற்றுப் பார்த்துக் கண்டது இதைத்தான். டிம்பனோகிராம் என்ற சோதனையில் அழுத்தம் குறைந்த காதுக்கு 'சி' வகை வளைவும், நீர் தேங்கிய காதுக்குத் தட்டையான 'பி' வகையும், இயல்பான காதுக்கு 'ஏ' வகையும் வரும்.

லேசான உள்வாங்கல் எத்தனையோ பேருக்கு உண்டு. அவர்களுக்கே அது தெரியாது. சளி பிடிக்கும்போது கொஞ்சம் கூடும், பிறகு தளரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை மெதுவாக உள்ளே அழுத்துவது சிலருக்கு உதவும். பலமாக அழுத்தக்கூடாது, கடும் சளி இருக்கும்போது செய்யவே கூடாது. மூக்கைச் சரிசெய்தால் காது தானே சரியாகும் என்பது பல நேரங்களில் உண்மை.

ஆனால் உள்வாங்கல்கள் அனைத்தும் ஒன்றல்ல. நான் இதை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் இந்த வேறுபாடுதான்.

நம் உடலில் வேறெங்கும் தோல் செய்யாத ஒன்றைச் செவிப்பறையின் தோல் செய்கிறது: அது நகர்கிறது. பறையின் நடுவில் மையால் ஒரு புள்ளி வைத்தால், ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் அந்தப் புள்ளி விளிம்புக்கு நகர்ந்து, காதுக் குழாயின் சுவருக்கு ஏறி, வெளியை நோக்கி வந்துகொண்டிருக்கும். இறந்த தோல், தூசி, குறும்பி எல்லாம் அதன்மேல் ஏறி வெளியே வந்துவிடுகின்றன. காது தன்னைத் தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும் வழி இது. பட்ஸ் போட்டுக் குடைவது இந்தப் பெருக்கலுக்கு எதிராக, வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே தள்ளும் வேலை.

உள்வாங்கிய இடம் அகலமாக, ஆழமில்லாத தட்டுபோல இருந்தால் தோலின் இந்த நகர்வு தடைப்படுவதில்லை. சுருக்குப்பைபோல வாய் குறுகி, உள்ளே ஆழமாகப் போய்விட்டால் இறந்த தோல் வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். அந்தச் சேர்மானம்தான் கொலஸ்டியேட்டோமா. 1838ஆம் ஆண்டில் யோஹன்னஸ் முல்லர் வைத்த பெயர். கொலஸ்டிராலுக்கும் புற்றுக்கட்டிக்கும் அதில் இடமில்லை. இருக்கக்கூடாத இடத்தில் அடைபட்ட வெறும் தோல் அது. ஆனால் பக்கத்திலுள்ள எலும்பை அரிக்கும். முதலில் கேட்கும் எலும்புகள், பிறகு முகத்தை அசைக்கும் நரம்பு ஓடும் எலும்புக் குழாய், சமநிலைக்கான உட்காது, கடைசியில் மூளையின் உறைவரைக்கும் போகும். அதற்குத் தீர்வு அறுவைச் சிகிச்சைதான். பறையின் மேல்விளிம்பில் நார் அடுக்கு வலுவில்லாத ஒரு தளர்ந்த பகுதி உண்டு. அங்கே விழும் பை இந்த ஆபத்துக்கு அதிகம் ஆளாகிறது. அதனால்தான் மருத்துவர் மேல்மூலையைத் தனியாக, கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்கிறார். பையின் அடி கண்ணுக்குத் தெரிகிறதா, அது சுத்தமாக, உலர்ந்திருக்கிறதா என்பதே அவர் தேடும் பதில். தெரிந்தால் கவனித்து வந்தால் போதும். அடி தெரியவில்லை என்றால் விடமாட்டார்.

ஆகவே காதுக்குள் 'வெள்ளை' என்று யாராவது சொன்னால் எந்த வெள்ளை என்று கேட்பது நல்லது. சுண்ணாம்புத் திட்டு சவ்வுக்கு உள்ளேயே பதிந்திருக்கும். மேற்பரப்பு வழவழப்பாகவும் உலர்ந்தும் இருக்கும், அரிப்பு இருக்காது. வியர்வையும் புழுக்கமும் கூடிய மாதங்களில் காதில் எண்ணெய் விடுபவர்களுக்கு வரும் பூஞ்சை வேறு: நனைத்துப் பிழிந்த தாள்போலத் திரளாக இருக்கும், தாங்க முடியாத அரிப்பு இருக்கும், சுத்தம் செய்து மருந்து விட்டால் போய்விடும். பறைக்குப் பின்னாலோ மேல்மூலையிலோ முத்துபோலத் திரண்ட வெள்ளை மூன்றாவது. அதை உடனே கவனிக்க வேண்டும்.

அதனோடு வரும் அறிகுறிகளும் பெரும்பாலும் வெளிப்படையானவை. நாற்றமடிக்கும் சீழ், அடிக்கடி வந்து வந்து போகும் ஒழுகல், மாதத்துக்கு மாதம் குறையும் கேள்வித்திறன், தலைசுற்றல், முகத்தின் ஒரு பக்கம் இழுப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 'சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. பெரியவர் ஒருவருக்குச் சளியில்லாமல் ஒரே காதில் மட்டும் அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால், மூக்கின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். குழாயின் வாசலை அங்கே ஏதாவது வளர்ச்சி அடைத்திருக்கலாம்.

தழும்பைக் கரைக்கச் சொட்டு மருந்து எதுவும் இல்லை. கரைக்க வேண்டிய தேவையும் இல்லை. நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி விடும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அன்பாகச் செய்த காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையுள்ள காதில் அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போகிறது, சூடு தப்பினால் தோலைச் சுடுகிறது, ஈரமாக நின்று பூஞ்சைக்கு இடம் தருகிறது. தழும்பையோ அதனால் தொடவே முடியாது.

அக்காவுக்கு அன்றே ஆடியோகிராம் எடுத்திருந்தார்கள். தாளின் மறுபக்கத்தில் இருந்ததால் அவள் அதைப் பார்க்கவேயில்லை. வலது காதின் வட்டங்களும் இடது காதின் பெருக்கல் குறிகளும் 15க்கும் 20க்கும் இடையில் வரிசையாக இருந்தன. 25 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பான கேள்வித்திறன் என்றே பொதுவாக எழுதுவார்கள். உள்வாங்கல் இருப்பதால் ஓர் ஆண்டு கழித்து ஒருமுறை காட்டச் சொல்லியிருந்தார் மருத்துவர்.

இந்த ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவளை, அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டம் கலைந்த மறுவாரம் அதே இடத்துக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே லாடம், அதே விளிம்பு, ஒரு மயிரிழைகூட நகரவில்லை. மேல்மூலை உலர்ந்து சுத்தமாக இருந்தது. ஒளி முக்கோணம் சற்றுத் தேறியிருந்ததாகச் சொன்னார். தூசி ஒவ்வாமைக்கு மூக்கில் மருந்து அடித்துக்கொள்வதை அவள் விடவில்லை. சீட்டில் 'இனி வரத் தேவையில்லை. ஒழுகினாலோ கேள்வித்திறன் குறைந்தாலோ மட்டும் வரவும்' என்று எழுதினார். அக்கா இரண்டு படங்களையும் செல்போனில் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, "நீ பஞ்சு திரித்து வைத்த காது நன்றாகத்தான் கேட்கிறதாம்" என்றாள்.